நினைத்தபடி வாழ்க்கை நடக்காதபோது தேவனை நம்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆராதனை முடிந்ததும் ஜெபத்துக்காகத் தயங்கி நிற்கிறவர்களும், ராத்திரி பிள்ளைகள் தூங்கினபிறகு போன் செய்கிறவர்களும், வீட்டு ஜெபக்கூட்டத்தில் எல்லோரும் காப்பி குடித்துவிட்டுப் போனபின் ஓரமாக வந்து கேட்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. வேதத்தில் இருப்பதை வைத்தும், நம் ஊரில் வாழ்ந்து மறைந்த சிலருடைய வாழ்க்கையை வைத்தும் பதில் எழுதியிருக்கிறேன். சிலவற்றுக்கு நாலு வரி போதும். சிலவற்றுக்கு அப்படி முடியவில்லை.

தேவனை நம்புவது என்றால், கேட்டது கிடைக்கும் என்று நம்புவதுதானே?

இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டதால்தான் பலருடைய விசுவாசம் ஒரே அடியில் சாய்ந்துபோகிறது. மகளுக்கு இந்த வருஷம் மெடிக்கல் சீட் கிடைத்துவிடும், பெண் வீட்டார் சம்மதித்துவிடுவார்கள், ஸ்கேனில் ஒன்றும் இருக்காது என்பதெல்லாம் ஒரு காரியம் நடக்கும் என்ற நம்பிக்கை. அப்படி ஆசைப்படுவதிலும் கேட்பதிலும் தவறே இல்லை. ஆனால் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அவர் என்னைக் கைவிடமாட்டார், என்னைக் குறித்து அவர் நினைப்பது நல்லதாகவே இருக்கும் என்பது வேறு. அது ஒருவர்மேல் வைக்கிற நம்பிக்கை. வேதம் நம்மிடம் கேட்பது அதைத்தான்.

தானியேல் புத்தகத்தில் சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூன்று பேரும் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாருக்கு முன்னால் நிற்கிறார்கள். பக்கத்தில் சூளை எரிகிறது. எங்கள் தேவன் எங்களை விடுவிப்பார் என்று தெளிவாகச் சொல்கிறார்கள். அதே மூச்சில் “விடுவிக்காமற்போனாலும்” நீர் நிறுத்தின சிலையை வணங்கமாட்டோம் என்கிறார்கள். நம் பிரசங்கங்களில் முதல் பாதி நிறையக் கேட்கிறது. எனக்கு இரண்டாவது பாதிதான் பெரிய விசுவாசமாகப் படுகிறது.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எரேமியா 29:11 எனக்கு வாக்குத்தத்தமாக வந்தது. ஆனால் அந்த வருஷம்தான் எல்லாமே போனது. வாக்குத்தத்தம் பொய்யா?

இந்தக் கேள்வியைக் கண்ணீரோடு கேட்டவர்கள் உண்டு. அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

“நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” புது வருஷத்துக்குச் சபையில் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் இந்த ஒரு வசனம்தான் இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் ஒரு முழுக் கடிதம் இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முன் 597-இல் பாபிலோன் ராஜா எருசலேமைப் பிடித்து, ராஜாவையும், ராஜாவின் தாயையும், பிரபுக்களையும், தச்சரையும், கொல்லரையும் சிறைபிடித்துக்கொண்டு போனான். எருசலேமிலேயே விடப்பட்ட எரேமியா தீர்க்கதரிசி, அந்நிய தேசத்தில் உட்கார்ந்திருந்த அவர்களுக்கு எழுதின கடிதம் அது.

அந்தச் சமயத்தில் அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி இருந்தான். இரண்டே வருஷத்தில் எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஆலயத்தில் ஜனங்களுக்கு முன்பாகச் சொன்னான். எரேமியாவின் கழுத்தில் அடையாளமாகக் கிடந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் போட்டான். இதைக் கேட்ட எரேமியா முதலில் சொன்ன வார்த்தை “ஆமென்”. கர்த்தர் அப்படியே செய்வாராக என்றார். அவருக்கும் அதுதானே ஆசை! ஆனால் அது கர்த்தர் சொன்னது அல்ல. பாபிலோனில் எழுபது வருஷம் என்று கடிதத்தில் எழுதினார். அப்படியானால் கடிதத்தைக் கையில் வாங்கிப் படித்த பெரியவர்களில் பெரும்பாலோர் சொந்த ஊரை மறுபடியும் பார்க்கப்போவதில்லை.

அவர்களுக்கு அவர் சொல்லியனுப்பினது என்ன? “வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்.” பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள். உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் நலனுக்காகவே ஜெபம்பண்ணுங்கள். இவ்வளவையும் சொன்னபிறகுதான் 11-ஆம் வசனம் வருகிறது.

வாக்குத்தத்தம் பொய்யாகவில்லை. அது சொல்லாத ஒன்றை நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். இந்த வருஷம் கடன் தீரும், வீடு கட்டுவாய், வெளிநாடு போவாய் என்று அந்த வசனம் யாரிடமும் சொன்னதில்லை. போக விரும்பாத ஊரில் கொண்டுபோய் விடப்பட்டவர்களிடம், அங்கேயும் நான் உங்களை மறக்கவில்லை, அங்கேயே வாழத் தொடங்குங்கள் என்று சொன்னது. நீங்கள் இன்று இருக்கிற இடம் நீங்கள் கேட்ட இடம் இல்லை என்றால், இந்த வசனம் முன்னைவிட இப்போதுதான் உங்களுக்கு அதிகம் பொருந்துகிறது. அந்த அட்டையைக் கிழித்துப்போடாதீர்கள். 29-ஆம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து ஒருமுறை சத்தமாக வாசியுங்கள்.

இது என் பாவத்துக்கு வந்த தண்டனையா? முன்னோர் சாபமா?

கண் தெரியாமல் பிறந்த ஒருவனைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்களே இயேசுவிடம் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார். பிதாக்கள் திராட்சக்காய் தின்றார்கள், பிள்ளைகளின் பல் கூசிப்போயிற்று என்று இஸ்ரவேலில் ஒரு பழமொழி வழங்கிவந்தது. இனி இதைச் சொல்லக்கூடாது என்று எசேக்கியேல் 18-இல் கர்த்தரே தடுக்கிறார். அப்பா குடித்தார், தாத்தா சொத்தை ஏமாற்றினார், அதனால்தான் உனக்குக் குழந்தை இல்லை என்று சொல்கிறவர்கள் அந்த அதிகாரத்தை ஒருமுறை வாசிக்கட்டும்.

நாம் செய்தது நம் தலையில் விழுவதும் உண்டுதான். ஆன்லைன் ரம்மியில் பணத்தைத் தொலைத்துவிட்டு, சோதனை வந்தது என்று சொல்ல முடியாது. ஒப்புக்கொண்டு திருந்த வேண்டியதை ஒப்புக்கொண்டு திருந்துங்கள். ஆனால் காரணம் தெரியாத ஒவ்வொரு துக்கத்துக்கும் பின்னால் ஒரு பாவத்தைத் தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

தேவன்தான் இதைச் செய்தாரா, இல்லை அனுமதித்தாரா?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் கடற்கரையில் நின்றிருந்தபோது சுனாமி வந்தது. ஜெபிக்கப் போன இடத்திலேயே பலர் மாண்டுபோனார்கள். நாகப்பட்டினம் கரையோரத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் முன்னால் உட்கார்ந்து சொல்ல முடியாத பதிலை நான் இங்கேயும் எழுதமாட்டேன்.

இயேசுவின் காலத்தில் சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படியல்ல என்றார் இயேசு. கேட்டுக்கொண்டிருந்தவர்களை மனந்திரும்பச் சொன்னாரே தவிர, இறந்தவர்கள்மேல் ஒரு குற்றமும் சுமத்தவில்லை. கோபுரம் ஏன் விழுந்தது என்றும் விளக்கவில்லை.

பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த யோபுவுக்கும் அப்படித்தான். புத்தகத்தின் முதல் இரண்டு அதிகாரத்தில் நடந்ததை வாசிக்கிற நமக்குத் தெரியும். கடைசிவரை யோபுவுக்கு யாரும் அதைச் சொல்லவே இல்லை. அவருக்குக் கிடைத்தது விளக்கம் அல்ல, தேவனே வந்து பேசினார்.

எல்லாம் அவர் கைக்குள் இருக்கிறது என்று விசுவாசிக்கிறேன். தீமை தீமைதான் என்றும் விசுவாசிக்கிறேன். யோசேப்பு தன்னைக் குழியில் போட்டு விற்ற சகோதரர்களிடம் சொன்னதில் இரண்டும் சேர்ந்தே இருக்கிறது: “நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ... அதை நன்மையாக முடியப்பண்ணினார்.” அவர்கள் செய்தது நல்லது என்று யோசேப்பு சொல்லவில்லை. இதைக்கூட அவர் குழியில் கிடந்தபோது சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பதினேழு வயதில் விற்கப்பட்டார், பார்வோனுக்கு முன்னால் நின்றபோது முப்பது. இந்த வார்த்தையைச் சொன்னது அதற்கும் பல வருஷம் கழித்து, அப்பாவை அடக்கம்பண்ணிவிட்டு வந்தபிறகு. உங்களுக்கு நேற்று நடந்ததற்கு இன்றே அர்த்தம் கண்டுபிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

உபவாசம் இருந்து ஜெபித்தும் சுகம் கிடைக்கவில்லை. “உங்களுக்கு விசுவாசம் போதாது” என்கிறார்களே?

பவுலைவிட விசுவாசம் உள்ளவர் யார்? அவர் கையால் வியாதியஸ்தர்கள் சுகமானார்கள். ஆனாலும் தன்னோடு ஊழியம் செய்த துரோப்பீமுவை வியாதியாக மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். அந்தத் தீமோத்தேயுவுக்கே அடிக்கடி வயிற்றுக் கோளாறு; அதற்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று வைத்தியம் சொல்கிறார். தன் சரீரத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் எடுக்கப்படவில்லை. “என் கிருபை உனக்குப்போதும்” என்ற பதில் வந்தது.

சுகமாக்குகிற தேவன் என்று நம்பி ஜெபியுங்கள், நானும் அப்படித்தான் ஜெபிக்கிறேன். ஆனால் படுக்கையில் கிடக்கிறவர்மேல், நீ சரியாக விசுவாசிக்கவில்லை என்ற பாரத்தையும் ஏற்றுவது கொடுமை. அப்புறம், விசுவாசத்தைக் காட்டுவதற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள். சர்க்கரைக்கும், ரத்த அழுத்தத்துக்கும், வலிப்புக்கும் போடுகிற மருந்தை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், எவ்வளவு பெரிய ஊழியக்காரராக இருந்தாலும், கேட்காதீர்கள்.

தேவன்மேல் கோபம் வருகிறது. இது பாவமா?

“கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” இது சங்கீதம் 13-இன் முதல் வரி. பாடிய தாவீதை யாரும் சபையைவிட்டு வெளியே அனுப்பவில்லை, பாட்டை எடுத்து வேதத்தில் சேர்த்தார்கள். சங்கீதங்களில் பெரும் பகுதி இப்படிப்பட்ட முறையீடுதான். அநேகமாக எல்லாமே கடைசியில் ஒரு துதியில் வந்து சேரும். 88-ஆம் சங்கீதம் மட்டும் அதுவும் இல்லாமல், நண்பர்களும் விலகிப்போனார்கள் என்ற முறையீட்டோடேயே முடிந்துபோகிறது. அப்படி ஒரு பாட்டும் வேதத்தில் இருக்கட்டும் என்று தேவன் விட்டிருக்கிறார். இது எனக்கு எத்தனையோ நாள் ஆறுதலாக இருந்திருக்கிறது.

சிலுவையில் இயேசு சொன்ன “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்” என்பதும் 22-ஆம் சங்கீதத்தின் வார்த்தை. கோபத்தை அவரிடமே சொல்லுங்கள். அவரிடம் முறையிடுகிறவரை நீங்கள் அவரை விட்டுப் போகவில்லை.

ஜெபிக்கவே வரவில்லை. படுத்தால் தூக்கம் இல்லை, எழுந்தால் எதுவும் பிடிக்கவில்லை.

எலியா தீர்க்கதரிசி இந்த நிலைக்கு வந்தார். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி. அதற்குப் பின் உடனே யேசபேல் ராணிக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றார். தேவன் அவரைக் கண்டிக்கவில்லை. தூங்க விட்டார். தூதன் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான்; தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தது. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். இரண்டாம் தரமும் அதே உபசாரம். ஓரேப் மலையில் தேவன் அவரோடு பேசினதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

உங்களுக்கும் முதலில் சாப்பாடும் தூக்கமும் வேண்டும். உங்களுக்காக ஜெபிக்க இன்னொருவரிடம் சொல்லிவிடுங்கள். வாரக்கணக்கில் இப்படியே இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள், அதில் விசுவாசத்துக்கு ஒரு குறைவும் இல்லை. செத்துவிடலாம் என்று தோன்றினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்: தமிழ்நாட்டில் 104, நாடு முழுவதும் 14416. இந்த எண்களில் கூப்பிட்டுப் பேசலாம். வீட்டில் ஒருவரை எழுப்பிப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

அப்படியானால் நாம் திட்டமே போடக்கூடாதா?

போடுங்கள். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று கேட்டவர் இயேசுதான். யாக்கோபு நிருபம் சொல்வது, “ஆண்டவருக்குச் சித்தமானால்” என்பதையும் சேர்த்துச் சொல் என்று மட்டுமே. பிள்ளையின் படிப்புக்குப் பணம் சேர்ப்பதும், காப்பீடு எடுப்பதும் அவிசுவாசம் இல்லை.

ஒரு வழி அடைபட்டால், அது தேவ சித்தம் இல்லை என்று அர்த்தமா? மறுபடி முயற்சி செய்யலாமா?

நீட் எழுதிய பிள்ளைகளின் பெற்றோரும், வரன் தட்டிப்போன வீட்டாரும், போட்டித் தேர்வில் நாலு மதிப்பெண்ணில் விட்டவர்களும் கேட்கிற கேள்வி இது.

அப்போஸ்தலர் 16-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பவுல் ஆசியா நாட்டில் (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) பிரசங்கிக்க நினைக்கிறார், ஆவியானவர் தடுக்கிறார். பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார், அதுவும் இல்லை. எப்படித் தடுத்தார், ஏன் தடுத்தார் என்று ஒரு வார்த்தையும் எழுதப்படவில்லை. திரும்பவும் மாட்டாமல், நிற்கவும் மாட்டாமல், நடந்து நடந்து துரோவா என்ற துறைமுகத்துக்கு வந்துவிட்டார்கள். அதற்குமேல் கடல். அந்த ராத்திரிதான் மக்கெதோனியாக்காரன் ஒருவன் கூப்பிடுகிற தரிசனம் வந்தது. கப்பலேறிப் பிலிப்பிக்குப் போனால், ஆற்றங்கரையில் ஜெபத்துக்குக் கூடியிருந்த பெண்களில் லீதியாள் முதலாவது இருதயத்தைத் திறக்கிறாள். இரத்தாம்பரம் என்ற விலையுயர்ந்த துணி விற்கிற அவள் எந்த ஊர்க்காரி? தியத்தீரா. போகக்கூடாது என்று பவுலைத் தடுத்த அதே ஆசியா நாட்டு ஊர்.

சரி, வழி திறந்ததே, அங்கே எல்லாம் சுமுகமாக நடந்ததா? அதே பிலிப்பியில்தான் பவுலையும் சீலாவையும் வஸ்திரத்தைக் கிழித்து, கோலால் அடித்து, காலைத் தொழுமரம் என்ற மரக்கட்டையில் மாட்டி உட்காரவைத்தார்கள். ஆகவே கஷ்டம் வந்தால் தப்பான வழி, சுலபமாக இருந்தால் சரியான வழி என்று வைத்துக்கொள்ள முடியாது.

மறுபடி முயற்சி செய்யலாமா என்றால், செய்யலாம். யோசேப்பு சிறையில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, பானபாத்திரக்காரனிடம் என்னைப் பற்றிப் பார்வோனிடம் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவன் வெளியே போய் இரண்டு வருஷம் மறந்துவிட்டான், அது வேறு. ஆனால் நீட்டை மூன்றாவது முறை எழுதுவது பிள்ளையின் ஆசையா, நம் ஆசையா என்பதை ஜெபத்தில் உட்கார்ந்து நேர்மையாகக் கேளுங்கள். பிள்ளையையும் கேளுங்கள். “டாக்டராவான் என்று ஆண்டவர் எனக்குச் சொன்னார்” என்று பதினெட்டு வயதுப் பிள்ளையின் கழுத்தில் நுகத்தைப் பூட்டவேண்டாம்.

வேதத்தில் இருக்கிறவர்கள் சரி. நம் ஊரில், நம்மைப் போன்றவர்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

ஐடா ஸ்கடர் 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்க மிஷனரிக் குடும்பம். தாத்தா டாக்டர், அப்பாவும் டாக்டர். ஐடாவுக்கோ இந்தியா வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் படித்தார், அங்கேயே கல்யாணம் செய்து இருந்துவிடவேண்டும் என்பதே அவர் எண்ணம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890-இல் திண்டிவனத்துக்கு வந்தது கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டு திரும்புவதற்காக.

அங்கே ஒரு ராத்திரி, மூன்று வீடுகளிலிருந்து மூன்று கணவன்மார் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் இந்து. மூன்று பேர் மனைவிக்கும் பிரசவ வேதனை. அப்பா டாக்டர், அவரை அனுப்புகிறேன் என்றார் ஐடா. ஆண் டாக்டர் தங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்க்க அவர்கள் சம்மதிக்கவில்லை; நீங்கள் வாருங்கள் என்றார்கள். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. விடிந்து ஆள் அனுப்பிக் கேட்டால் மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள். அதன்பின் ஐடா அமெரிக்காவுக்குப் போனது மருத்துவம் படிக்க. 1899-இல் கார்னெலில் படிப்பை முடித்து, 1900-இல் வேலூருக்கு வந்தார். அனுபவமுள்ள அப்பாவோடு சேர்ந்து வேலை செய்யலாம் என்று வந்தவருக்கு, சில மாதங்களிலேயே அப்பா இறந்துபோனார். இதுவும் நினைத்தபடி இல்லை. ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்று நாம் சிஎம்சி என்று சொல்கிற வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்தது. ஐடா 1960-இல் கொடைக்கானலில் காலமானார்.

இந்தக் கதையைப் பிரசங்கத்தில் சொல்லும்போது ஒரு இடத்தில் எனக்கு மனம் உறுத்தும். சிஎம்சி வரவேண்டும் என்பதற்காகத் தேவன் அந்த மூன்று பெண்களை எடுத்துக்கொண்டார் என்று சிலர் முடிக்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அவர்கள் மூன்று பேரும் தாயாகப்போகிற பெண்கள், அவர்களுக்கும் ஒரு வாழ்க்கை இருந்தது, அவர்கள் வீட்டில் அது வெறும் துக்கம். அந்தத் துக்கத்தைத் தேவன் வீணாகப் போகவிடவில்லை என்று சொல்லலாம். அதற்குமேல் போகக்கூடாது.

ஏமி கார்மைக்கேல் கதை இன்னொரு விதம். அயர்லாந்துக்காரர். 1893-இல் ஜப்பானுக்கு மிஷனரியாகப் போனார், உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. 1895-இல் இந்தியா வந்தார். திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராகச் சுவிசேஷம் சொல்வதுதான் அவர் திட்டம். 1901-இல் கோயிலில் ஒப்படைக்கப்பட்டிருந்த ஒரு சிறுமி தப்பி ஓடி வந்து அவரிடம் சேர்ந்தாள். அதன்பின் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். ஊர் சுற்றவேண்டும் என்று வந்தவர் டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அம்மாவாகிவிட்டார். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், இருட்டில் குழிக்குள் விழுந்து கால் முறிந்தது. கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சரியாகவே இல்லை. 1951-இல் சாகும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், அதிகமும் தன் அறையிலேயே. எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள்! அந்த அறையிலிருந்து எழுதினார், கடிதம் போட்டார், பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார். டோனாவூரில் அவரை அடக்கம்பண்ணின இடத்தில், பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்திருக்கிறார்கள்.

ஒருவருக்கு அடைபட்ட வழிக்குப் பதிலாக இன்னொரு பெரிய வழி திறந்தது. இன்னொருவருக்கு அறைக் கதவு கடைசிவரை திறக்கவில்லை. இரண்டு பேரையும் ஒரே தேவன்தான் நடத்தினார்.

கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் கர்ப்பத்தின் கனி இல்லை. சபையில் அன்னாளைப் பற்றியே பிரசங்கிக்கிறார்கள்.

பிள்ளையில்லாதிருந்த அன்னாளுக்குச் சாமுவேல் பிறந்ததை எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு வசனம் இருக்கிறது: அவள் ஜெபித்து எழுந்துபோய்ச் சாப்பிட்டாள், அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை. அப்போது அவள் கர்ப்பம் தரித்திருக்கவில்லை. சீலோவின் ஆலயத்தில் மனதை ஊற்றிவிட்டு வந்ததுதான் அந்த மாற்றம். குழந்தைக்காகக் கேளுங்கள், சிகிச்சையும் எடுங்கள், இருவருமே பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பிள்ளை பிறந்தால்தான் சபையில் சாட்சி சொல்லலாம் என்பது எங்கும் எழுதப்படவில்லை. அப்புறம், சபையாருக்கு ஒரு வேண்டுகோள்: வாசலில் செருப்பு மாட்டுகிற இடத்தில் “விசேஷம் ஏதாவது உண்டா?” என்று கேட்பதை நிறுத்துங்கள். உங்களால் ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருந்துவிடுகிறாள்.

கணவர் அடிக்கிறார். “ஆண்டவரை நம்பிப் பொறுத்துக்கொள்” என்கிறார்கள். பொறுப்பதுதான் விசுவாசமா?

இல்லை. சவுல் ராஜா ஈட்டியை எறிந்தபோது தாவீது ஒதுங்கினார், அன்று ராத்திரியே தப்பியோடினார். அவர் கர்த்தரை நம்பாதவர் என்று யாராவது சொல்வார்களா? இயேசுவே, யூதர்கள் கொலைசெய்ய வகைதேடினபடியால் யூதேயாவில் சஞ்சரிக்காமல் கலிலேயாவிலே இருந்தார் என்று யோவான் எழுதுகிறார். பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். 181 பெண்களுக்கான உதவி எண். குடும்ப வன்முறைக்கு எதிராக 2005-ஆம் வருஷத்திய சட்டம் இருக்கிறது. அவர் மனந்திரும்ப நாங்கள் ஜெபிக்கிறோம். அதற்காக நீங்கள் அந்த வீட்டில் அடிவாங்கிக்கொண்டு இருக்கவேண்டியதில்லை.

துக்கத்தில் இருக்கிறவர் வீட்டுக்குப் போனால் என்ன பேசுவது?

யோபின் நண்பர்கள் ஏழு நாள் ராப்பகலாய் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கினபிறகுதான் கெட்டது. தேவனுக்காக வாதாடுவதாக அவர்கள் நினைத்தார்கள். கடைசியில் தேவனோ, நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று அவர்கள்மேல்தான் கோபப்பட்டார்.

“சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது” என்ற ரோமர் 8:28 உண்மைதான், என் உயிரான வசனமும்கூட. ஆனால் அடக்க ஆராதனை நடக்கிற வீட்டில், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதை விதவையிடம் சொல்லாதீர்கள். அந்த வசனத்தை அவர் தானாகச் சொல்கிற நாள் வரட்டும். நீங்கள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பேங்க் வேலைகளுக்குக் கூடப் போங்கள். மூன்றாவது மாதம், மற்றவர்கள் வருவதை நிறுத்தினபிறகு, மறக்காமல் ஒருமுறை போங்கள்.

வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்டது இனி நடக்கவே நடக்காது என்று தெரிந்துவிட்டது. இனி என்ன?

தாவீதுக்கு ஆலயம் கட்டவேண்டும் என்று ஆசை. கெட்ட ஆசையா அது? நாத்தான் தீர்க்கதரிசியே முதலில் சரி, செய்யும் என்றார். அந்த ராத்திரியே கர்த்தர் வேண்டாம் என்றார். உன் குமாரன் கட்டுவான். தாவீது கர்த்தருக்கு முன்பாகப் போய் உட்கார்ந்து ஜெபித்தார். அப்புறம் அவர் செய்ததை 1 நாளாகமம் 22 விவரமாகச் சொல்கிறது: கதவுகளின் ஆணிகளுக்கு இரும்பு, நிறுத்து முடியாத அளவுக்கு வெண்கலம், எண்ணமுடியாத கேதுருமரங்கள், கல் வெட்ட ஆட்கள். தான் ஒருநாளும் உள்ளே போகப்போகாத கட்டிடத்துக்கு ஆணிக்கு இரும்பு சேர்த்துவைத்தார்.

அழவேண்டியதை அழுது முடிக்க நாளெடுத்துக்கொள்ளுங்கள். அதன்பின், நீங்கள் ஆசைப்பட்ட வேலையில் இன்னொருவருக்கு நீங்கள் சேர்த்துக் கொடுக்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஆசிரியராக முடியாதவர் மாலையில் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம். மிஷனரியாகப் போகமுடியாதவர், போயிருக்கிற ஒரு குடும்பத்தின் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டலாம்.

அப்பாவுக்காக வீட்டில் எல்லோரும் ஜெபித்தோம், அவர் பிழைக்கவில்லை. எட்டு வயது மகன் “இயேசப்பா ஏன் கேக்கலை?” என்கிறான்.

ஆண்டவருக்கு அப்பாவை ரொம்பப் பிடித்துவிட்டது, அதனால் எடுத்துக்கொண்டார் என்று சொல்லாதீர்கள். அடுத்து அம்மாவையும் பிடித்துவிடுமோ என்று பிள்ளை ராத்திரியில் பயந்து கிடக்கும். நீ சரியாக ஜெபிக்கவில்லை என்று யாரும் சொல்லிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டார், ஆனால் ஏன் அப்பா பிழைக்கவில்லை என்று அம்மாவுக்கும் தெரியவில்லை என்று உண்மையைச் சொல்லுங்கள். லாசருவின் கல்லறைக்குப் போனபோது இயேசு கண்ணீர் விட்டார் என்ற இடத்தை எடுத்து அவனோடு சேர்ந்து வாசியுங்கள். லாசரு எழுந்து வரப்போகிறான் என்று தெரிந்திருந்தும் அழுதார். அப்பாவைக் கிறிஸ்துவுக்குள் மறுபடியும் பார்ப்போம் என்பதையும் சொல்லுங்கள், அதுவும் உண்மை. அவன் அழுதால் நீங்களும் அவன் முன்னாலேயே அழலாம். படுக்கும்போது ஜெபிக்க மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்காக நீங்கள் ஜெபியுங்கள். அதே கேள்வியை அடுத்த வாரமும் கேட்பான். அப்போதும் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.